மழலைக்கும் பருவம் உண்டு

நாற்றங்காலுக்கு நீர் விட வேண்டிய நாளில் விடாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதம் இரண்டு மடங்காகப் பாய்ச்சினால் நாற்று தேறிவிடாது. இதனைக் காவிரியின் கடைமடையில் உழுதுண்ணும் காரைக்கால் வட்டாரத்து விவசாயிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் பேச்சும் அத்தகையதே. அதற்கும் பருவம் உண்டு. முதல் மூன்று ஆண்டுகளே அதன் நாற்றங்கால்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அலுவல் நிமித்தம் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு சொல்லும் பேசாதிருந்தான். வசம்பை உரைத்து நாவில் தடவி வருவதாகப் பாட்டி கூறினார். திருவிழாவின் வேட்டுச் சத்தத்துக்கு அவன் திடுக்கிட்டதால், காது கேட்கிறது என்றே வீட்டார் நம்பினர். "ஆண் பிள்ளை சற்றுத் தாமதமாகத்தான் பேசும், பொறுங்கள்" என்று நாமும் சொல்லிவிட்டு வந்தோம். நான்கு வயது கடந்த பின்னரே அவனுக்குச் செவிப்புலன் பெரிதும் குறைவு என்பது தெரிய வந்தது. வேட்டு கேட்கும் செவிக்குத் தாயின் பேச்சு கேட்கவில்லை. படித்தவர் என்று நம்மை மதித்துக் கேட்டவர்களுக்கு நாம் கூறிய அந்த விடை இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

பேச்சு நாவில் தொடங்குவதில்லை, செவியில் தொடங்குகிறது. கருவில் இருக்கும்போதே குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்து இரண்டு மூன்று மாதங்களில் இனிய ஒலிகளை எழுப்புகிறது. ஆறாம் மாதத்தை ஒட்டிப் "பா, பா", "மா, மா" என்று ஒலிகளை அடுக்குகிறது. ஒன்பதாம் மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறது. முதலாண்டு நிறைவையொட்டிப் பொருளுடைய முதற்சொல் பிறக்கிறது. இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என இரு சொற்கள் இணைகின்றன. மூன்று வயதில் அயலாரும் அதன் பேச்சைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம். குழந்தைக்குக் குழந்தை சிறிது முன்பின் இருப்பது இயல்பு. ஆயினும் வரிசை இதுவே.

இவ்வளர்ச்சிக்கு வீட்டில் செய்ய வேண்டியது யாது? செலவு ஏதும் இல்லை. குழந்தை ஒலி எழுப்பினால், முகம் பார்த்துப் பதில் சொல்லுங்கள். பின்னர் அது மறுமொழி கூறச் சற்றுக் காத்திருங்கள். செய்யும் வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மீன் கூடையைப் பிரிக்கும் தாய் "இது மத்தி, இது கிழங்கான்" என்று காட்டலாம். வயலுக்குத் தூக்கிச் செல்லும் தாத்தா மடையையும் கொக்கையும் பெயர் சொல்லிக் காட்டலாம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிள்ளையைத் தோளில் ஏற்றிச் செல்லும் தந்தை, கண்ட காட்சியை இரவில் மீண்டும் கதையாகச் சொல்லலாம். குழந்தை "தண்ணி" என்றால், "தண்ணி வேணுமா? குடத்துத் தண்ணி தரட்டுமா?" என்று நீட்டிச் சொல்லுங்கள். பிழையாகப் பேசினால் நகையாடாதீர்கள். சரியான சொல்லை நீங்கள் ஒரு முறை சொல்வதே போதும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 'தால்' என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்துப் பாடுவதே தாலாட்டு. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து, தாலுக்கு ஒரு பருவமும் நிலவை அழைக்கும் அம்புலிக்கு ஒரு பருவமும் வைத்துள்ளன. அத்தாலாட்டின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டால், அது பாடும்; ஆனால் குழந்தைக்குப் பதில் சொல்லாது. இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை காட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் காரைக்காலில் உண்டு. தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து ஒலித்தால் பேச்சு தாமதமாகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையில்லை. குழந்தை இரு மொழிகளையும் ஏற்கும். பெற்றோர் தமக்கு நன்கு வரும் மொழியில் தாராளமாகப் பேசுவதே முக்கியம்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்? ஒன்பது மாதத்தில் பெயருக்குத் திரும்பாவிடினும், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வாராவிடினும், இரண்டு வயதில் இரு சொற்கள் இணையாவிடினும், வந்த பேச்சு நின்றுவிட்டாலும் காத்திருத்தல் ஆகாது. நெருங்கிய உறவில் மணந்தோரின் குழந்தைகளும், குறைந்த எடையில் பிறந்தவர்களும், பிறந்தவுடன் கடுமையான மஞ்சள் காமாலை கண்டவர்களும், காதில் அடிக்கடி சீழ் வடிபவர்களும் அவசியம் செவிப் பரிசோதனை பெற வேண்டும். தட்டைத் தட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பதே வல்லுநர்கள் வகுத்த முறை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காரைக்கால் அரசு பொது மருத்துவமனையிலோ முதலில் காட்டி வழி கேளுங்கள். வசம்பு செவியைத் திறக்காது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1975 முதல் நடைபெறும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் எடையும் உயரமும் பார்க்கப்படுகின்றன. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறை வந்து வளர்ச்சிக் குறைகளையும் ஆராய வேண்டும். அக்குழு வரும் நாளை முன்கூட்டியே அறிந்து ஊராருக்குத் தெரிவியுங்கள். அங்கன்வாடிக்கு வராத குழந்தைகளையும், அதிகாலையில் மீன் விற்கச் செல்லும் தாய்மார்களின் குழந்தைகளையும் அன்று அழைத்து வரச் செய்யுங்கள். பேசாத பிள்ளை உள்ள வீட்டில் "பொறுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சொல்லை நாம் ஒரு முறை சொன்னோம். அதன் விலையை ஒரு சிறுவன் கொடுத்தான்.