ஜீப்பின் தகட்டில் எழுதிய வரலாறு

பழம்பொருள்களைச் சேகரிப்பது பயனுள்ள பொழுதுபோக்கு. அஞ்சல்தலை, நாணயம், பழைய வானொலிப் பெட்டி எனச் சேகரிப்பாளர்களின் விருப்பம் பலவகைப்படும். அவர்களுள் சிலர் பழைய இராணுவ ஜீப்புகளையும் போர்க்காலப் பொருள்களையும் தேடிச் சேர்க்கின்றனர். துருப்பிடித்த இரும்பை வாங்கி, ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டு, மீண்டும் ஓட வைப்பது அவர்களுக்கு மனநிறைவு தருகிறது. ஆயினும், இப்பொழுதுபோக்கின் உண்மையான மதிப்பு வண்டி ஓடுவதில் மட்டும் இல்லை. அது சுமந்து வந்த வரலாறு அழியாமல் காக்கப்படுவதிலும் இருக்கிறது.

ஜொகூர் பாரு நகரின் கிழக்கே, தெப்ராவ் நீரிணையை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி பெர்மாஸ் ஜெயா. இன்று வீடுகளும் கடைகளும் நிறைந்த இக்கரைப் பகுதி ஒரு காலத்தில் போரின் விளிம்பாக இருந்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், சிங்கப்பூருக்குப் பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படையினர் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தரைப்பாலத்தை வெடி வைத்துத் துண்டித்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியப் படை நீரிணையைக் கடந்தது. ஒரே வாரத்தில், பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜொகூருக்கு இராணுவ வரலாறு புதிதன்று. 1886ஆம் ஆண்டு முதல் தனக்கெனச் சொந்தப் படையை வைத்திருக்கும் மாநிலம் அது. இத்தகைய மண்ணில் பழைய இராணுவப் பொருள் ஒன்று கிடைத்தால், அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் ஒருமுறை சிந்திப்பது நல்லது.

ஜீப் பிறந்த கதை சுவையானது. 1940ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இயங்கக்கூடிய சிறிய உளவு வண்டி ஒன்றை உருவாக்கித் தருமாறு அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களைக் கேட்டது. முதல் மாதிரி வண்டியை 49 நாளில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பேண்டம் என்னும் சிறிய நிறுவனம் அந்தக் கெடுவுக்குள் வண்டியைச் செய்து, செப்டம்பர் 23ஆம் நாள் ஒப்படைத்தது. ஆனால், இராணுவத்தின் பெருந்தேவையை நிறைவு செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. எனவே, வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் உற்பத்தியில் இறங்கின. போர் முடிவதற்குள் இவ்விரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. ஜீப் என்னும் பெயர் எப்படி வந்தது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இராணுவக் குறியீட்டு எழுத்துகளின் திரிபு என்பர் சிலர். அக்காலச் சித்திரக் கதையில் வந்த விந்தை விலங்கொன்றின் பெயர் என்பர் வேறு சிலர்.

இவ்வண்டியின் அமைப்பில் தேவைக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. ஏறத்தாழ 1,100 கிலோகிராம் எடையுள்ள வண்டியை 60 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் இழுத்தது. கதவுகள் கிடையாது. முன்கண்ணாடியை மடித்துப் படுக்க வைக்கலாம். கூரை வெறும் கித்தான் துணி. எரிபொருள் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருந்தது. முன்விளக்குகளைத் திருப்பி, அவற்றின் ஒளி இயந்திரத்தின் மேல் விழுமாறு செய்யலாம். இருளில் வண்டி பழுதானால், கைவிளக்கு இல்லாமலே பழுதுபார்க்க இந்த ஏற்பாடு உதவியது.

மலாயாவிலும் இராணுவ வண்டிகள் பெரிய அளவில் நடமாடின. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் தரப்புப் படை மோரிப், போர்ட்டிக்சன் கடற்கரைகளில் இறங்கியது. அதில் இந்தியப் படைவீரர்கள் பெருமளவில் இருந்தனர். ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்துவிட்டதால் அங்குப் போர் நடக்கவில்லை. ஆயினும், மோரிப் கரையில் இறக்கப்பட்ட வாகனங்கள் பல சேற்றில் சிக்கிக்கொண்டன. பின்னர், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இராணுவமும் காவல்துறையும் நான்கு சக்கர இயக்க வாகனங்களையே காட்டுப் பாதைகளில் நம்பியிருந்தன. 1948இல் அறிமுகமான பிரிட்டனின் லேண்ட் ரோவர் அவற்றுள் ஒன்று. அந்த வண்டியின் முன்னோடியும் ஜீப்தான். அதை வடிவமைத்த மோரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் போரில் எஞ்சிய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதிலிருந்தே புதிய வண்டிக்கான எண்ணம் அவருக்குப் பிறந்தது.

போர் முடிந்ததும் ஜீப்பின் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. பிலிப்பீன்ஸ் மக்கள் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, வண்ணம் தீட்டி, ஜீப்னி என்னும் பொதுப் போக்குவரத்து வண்டியாக்கினர். இந்தியாவில் 1947ஆம் ஆண்டு மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தித் தயாரிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டின் மலைத்தோட்டப் பாதைகளில் ஜீப் இன்றும் மக்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்கிறது. போருக்குப் பிறந்த வண்டி, உழைக்கும் மக்களின் வண்டியாக மாறியது.

இவ்வாறு நாடு நாடாகச் சுற்றி, கை மாறி, பலமுறை பழுதுபார்க்கப்பட்ட வண்டி உண்மையில் எது என்று கண்டுபிடிப்பதே சேகரிப்பாளருக்கு முதல் சோதனை. போர்க்கால ஜீப்பின் முன்பக்கத் தடுப்பில் ஒன்பது இடைவெளிகள் இருக்கும். போருக்குப் பின் பொதுமக்களுக்காகத் தயாரான ஜீப்பில் ஏழுதான். வில்லிஸ் வண்டியின் அடிச்சட்டத்தில் முன்புறக் குறுக்குத் தண்டு உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டு வண்டியில் அது கவிழ்த்து வைத்த தொட்டி போன்ற வடிவில் இருக்கும். ஃபோர்டு நிறுவனம் தன் உதிரிப்பாகங்களிலும் திருகாணிகளிலும்கூடத் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தது. வண்டியின் முன்பலகையில் பதித்த தகட்டில் எண்ணும் தயாரிப்பு விவரமும் இருக்கும். இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வண்டியின் உண்மை அடையாளம் தெரியவரும்.

அடுத்த சோதனை துரு. மழையும் ஈரக்காற்றும் கடலின் உப்பும் சேரும் ஜொகூர் போன்ற இடங்களில் இரும்பு விரைவில் அரிக்கும். போர்க்கால ஜீப்பின் தரைத்தகட்டுக்கு அடியிலுள்ள இரும்புத் தாங்கிகளுக்குள் மரக்கட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. அம்மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், துரு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். வெளியே புதுச்சாயம் பளபளத்தாலும் அடிப்பகுதியைத் தட்டிப் பார்க்காமல் அனுபவசாலிகள் வாங்குவதில்லை. சாயத்தைச் சுரண்டும்போதும் பொறுமை தேவை. ஒவ்வோர் அடுக்கின் கீழும் பழைய பதிவெண்ணோ படைப்பிரிவின் குறியோ மறைந்திருக்கலாம். அவசரப்பட்டு எந்திரத்தால் தேய்த்துவிட்டால் அச்சான்று என்றென்றைக்கும் போய்விடும். எனவே, தேய்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்துக் குறிப்பெழுதி வைப்பது நல்ல பழக்கமாகும்.

இங்கு நேர்மையும் தேவைப்படுகிறது. பிலிப்பீன்ஸில் ஜீப்புக்கான புதிய உடற்பகுதிகள் இன்றும் தயாராகின்றன. அவற்றைப் பொருத்துவது தவறன்று. அழிந்துபோகவிருந்த பல வண்டிகள் அதனால் பிழைத்துள்ளன. ஆனால், எந்தப் பகுதி பழையது, எந்தப் பகுதி புதியது என்பதை மறைத்து, முழுவதும் போர்க்களம் கண்ட வண்டி என்று சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதோடு வரலாற்றையும் பொய்யாக்குகிறது.

ஜீப்போடு தொடர்புடைய சிறு பொருள்களும் சேகரிப்பில் இடம்பெறுகின்றன. 20 லிட்டர் கொள்ளும் எரிபொருள் கலன், தண்ணீர்க் குடுவை, இரும்புத் தொப்பி, பதக்கம் முதலியவை அவற்றுள் சில. மலாயாவில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட பொதுச் சேவைப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பளபளப்பாக்க ஓயாமல் தேய்த்தால் பெயர் மங்கிவிடும். ஜப்பானியர் வெளியிட்ட, வாழைமரப் படம் போட்ட 10 வெள்ளி நோட்டும், 1948இல் அறிமுகமான அடையாள அட்டையும் பல குடும்பங்களின் பழைய பெட்டிகளில் கிடக்கக்கூடும். சந்தையில் அவற்றின் விலை சிறிதாக இருக்கலாம். யாருடையது, எப்படிக் கிடைத்தது என்னும் செய்தி உடன் இருந்தால் அவற்றின் மதிப்பு பெரிது.

சேகரிப்பாளர் சட்டத்தையும் மதிக்க வேண்டும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. போலித் துப்பாக்கிகளும் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மண்ணில் புதைந்த பழைய குண்டோ தோட்டாவோ கண்ணில் பட்டால் அதைத் தொடவே கூடாது. விலகி நின்று காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பல ஆண்டுகள் கழிந்தாலும் வெடிமருந்து வெடிக்கும் ஆற்றலை இழப்பதில்லை.

போர்ப் பொருள்களைச் சேகரிப்பது போரைப் போற்றுவதாகாதா என்று சிலர் வினவுவர். அது நியாயமான வினாவே. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் ஆயிரக்கணக்கானோர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். அந்தத் துயரை மறந்து, வண்டியின் அழகை மட்டும் வியப்பது அரைகுறைப் பார்வையாகும். எனவே, பொருளோடு அதன் காலத்தையும் அக்காலத்து மக்கள் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லும் சேகரிப்பே பயன்தரும். போர்ட்டிக்சனில் உள்ள இராணுவ அரும்பொருளகத்தைப் பார்வையிடும் மாணவர்களும் அங்குள்ள வண்டிகளை இத்தகைய நோக்கோடு காணலாம்.

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய குடுவையோ நோட்டோ அட்டையோ யாருடையது என்று தெரிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஜீப்பின் உதிரிப்பாகத்தைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். கேட்காமல் விட்ட செய்தியை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது.