அரக்குச் சேலை பழுப்பானது ஏன்?

சென்ற தை மாதம் பெங்களூரில் என் மகள் திருமணம் நடந்தது. தம்பி மகன் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தான். கம்ப்யூட்டர் திரையில் காஞ்சிபுரம் அரக்குப் பட்டு ஜொலித்தது.

ஊரில் இருக்கும் என் தாயாருக்கு வயது 84. பயணம் செய்ய முடியாததால் திருமணத்துக்கு வரவில்லை. பேத்திக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். செல்போனில் பார்க்கக் கண் ஒத்துழைக்காது. "காகிதத்தில் பெரிசா ஒண்ணு போட்டு அனுப்புடா" என்றார்.

வீட்டுப் பிரிண்டரில் போட்டேன். சேலை பழுப்பு, மணமகள் முகம் செங்கல் நிறம்! இதை எப்படி அனுப்புவது?

பிரிண்டரைத் திட்டினேன். அல்சூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் சிரித்தார். "அதன்மேல் குற்றமில்லை, சார்" என்றார்.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் மூன்றும் கலந்தால் வெள்ளை. பிரிண்டரோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைக் கொண்டு வேலை செய்கிறது. அதற்குக் காகிதத்தின் வெண்மைதான் வெள்ளை. திரையில் தெரியும் எல்லா நிறமும் மையில் வராது. கேமரா ஒரு பாஷை, திரை ஒரு பாஷை, பிரிண்டர் ஒரு பாஷை. 'புரொஃபைல்' என்னும் சிறு கோப்புதான் இவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர். கேமராவில் 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற முறையை வைத்தால் வீட்டு உபயோகத்துக்குப் போதும். ஹெச்.பி., மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் 1996-ல் முன்வைத்த முறை இது.

மண்டபத்து மஞ்சள் விளக்கில் எல்லாம் மஞ்சளடிக்கும். அதே வெளிச்சத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னர் அதை வைத்துத் திருத்தலாம். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை நம்பக்கூடாது. அது நீலம் போட்ட வெள்ளை!

திரையின் பிரகாசத்தையும் குறைக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதற்குச் சமமாகும்வரை குறையுங்கள். நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவியும் உண்டு. விலைதான் கையைக் கடிக்கும்.

நான் செய்த பெரிய தவறு வேறு. படம் திருத்தும் புரோகிராமும் நிறத்தைச் சரிசெய்தது. பிரிண்டரும் தன் பங்குக்குச் சரிசெய்தது. ஒரே சாம்பாருக்கு இருவர் உப்புப் போட்ட கதைதான். முகம் சிவந்தது அதனால்தான். இரண்டில் ஒன்றை நிறுத்திவிட வேண்டும். புரோகிராமிடம் பொறுப்பை விட்டால், அந்தக் காகிதத்துக்கும் அந்தப் பிரிண்டருக்கும் உரிய புரொஃபைலைக் காட்ட வேண்டும். பல காகிதக் கம்பெனிகள் இதை இலவசமாகவே தருகின்றன.

இன்னொன்று: பளபளப்பான போட்டோ காகிதம் வைத்துவிட்டு, அமைப்பில் 'சாதாரணத் தாள்' என்றே விட்டிருந்தேன். மையின் அளவே மாறிவிடும். நிறம் மங்காமல் என்ன செய்யும்?

எல்லாம் திருத்தி, முதலில் சிறிய படமாக ஒன்று போட்டேன். ஈர மை நிறம் காட்டாது என்று நண்பர் சொன்னதால் ஒரு நாள் உலரவிட்டேன். மறுநாள் காலை ஜன்னலோரம், சேலையையே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரக்கு அரக்காகவே இருந்தது. ஜரிகை மினுமினுப்பு மட்டும் இல்லை. அது மைக்குள் அடங்காத சமாச்சாரம். பிறகுதான் பெரிய காகிதத்தில் போட்டு அனுப்பினேன்.

சேலையோடு வந்த ரவிக்கைத் துணியில் மிச்சம் ஒரு துண்டை அம்மா பத்திரமாக வைத்திருந்தாராம். படத்தின்மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்:

"ஒரு மாற்றுக் குறைச்சல்தான். பரவாயில்லை, கண்ணாடி போட்டு மாட்டச் சொல்லிட்டேன்."