ஒட்டக இறைச்சியும் லொத்தர் சீட்டும்



மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறியவர்களுக்கு அந்தக் காற்றும் மூடுபனியும் மறக்காது. மாணவர்களுடன் சென்று, அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு மகிழ்ந்து இறங்கினோம். ரத்தோட்டையில் தேநீருக்கு நின்றபோது, தொப்பியணிந்த முதியவர் ஒருவர் லொத்தர் சீட்டுகளை நீட்டினார். அவர் அப்பால் சென்றதும் ஒரு மாணவன் கேட்டான்: “ஹஸரத், எங்கட நானாவுக்குக் கெம்பஸ்ல மஹாபொல கிடைக்குது. அதுவும் லொத்தர் காசுதானே? எடுக்கலாமா?”

நியாயமான கேள்வி. தேசிய லொத்தர் சபை 1963இலும் அபிவிருத்தி லொத்தர் சபை 1983இலும் தொடங்கப்பட்டவை. மஹாபொல நிதியத்துக்கு லொத்தர் வருமானத்திலிருந்தும் பங்கு சென்றிருக்கிறது. ஏழைப் பிள்ளை படிக்கிறதே, நாடு முன்னேறுகிறதே என்பார்கள்.

இது புதிய வாதமன்று. ஜாஹிலிய்யாக் கால அறபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளால் பங்கு குலுக்கி, வென்ற இறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்துப் பெருமையடித்தனர். தோற்றவர் விலையைக் கட்டினார் என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகின்றனர். ஸூரதுல் பகறாவின் 219ஆம் வசனம் சூதில் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. பாவமே பெரிது என்கிறது.

நம் நாட்டில் விலையைக் கட்டுபவர் யார்? 2025 ஆகஸ்டில் கொழும்பில் பிரமாண்டமான கசினோ ஒன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டில், கசினோவுக்குள் நுழையும் இலங்கையரிடம் அறவிடும் 50 டொலர் வரியை அரசு 100 டொலராக்கியது. வெளிநாட்டவருக்கு அந்த வரி இல்லை. ஆக, சூது தன் மக்களைக் கெடுக்கும் என்பது அரசுக்கும் தெரியும்! ஆனால் கூலித் தொழிலாளி சந்திக்கு வந்தால், 40 ரூபாய்ச் சீட்டு அவரைத் தேடி வருகிறது. 2023இல்தான் அதை 20இலிருந்து உயர்த்தினார்கள். தினம் ஒன்று வாங்கினால் மாதம் 1,200 ரூபா. ஒரு வீட்டின் நாலைந்து கிலோ அரிசி அது.

மாணவனிடம் சொன்னேன்: “சீட்டு வாங்கியவரின் பாவம் உன் நானாவின் தலையில் ஏறாது. உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லாத ஹராமான பணம் பொதுநலனுக்கும் ஏழைகளுக்கும் போக வேண்டும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து. தேவையுள்ள மாணவர் எடுக்கலாம் என்றே நான் விளங்குகிறேன். ஆனால் படிப்புக்கு உதவுவதாகச் சொல்லிச் சீட்டு வாங்க இடமில்லை.”

“அப்ப சீட்டு விற்கிற அந்த அப்பா?” என்றான்.

இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. திரும்பிப் போய் அவருடன் பேசினேன். கால் இயலாதவர், வேறு தொழில் கிடைக்கவில்லையாம். அவர் விபரத்தை ஊர் ஸகாத் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். மரக்கறித் தள்ளுவண்டி ஒன்றுக்கு எவ்வளவு முடியும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.