எடை சரி, இடுப்பு சரியா?

"ஆள் ஒல்லிதானே, அவருக்கு எப்படி இனிப்புநீர் வந்தது?" கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மட்டுமல்ல, நம்மவர்கள் வாழும் எல்லா இடங்களிலும் கேட்கும் கேள்வி இது. பி.எம்.ஐ. எனப்படும் உடல் எடைக் குறியீட்டைச் சரியாகப் புரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும்.

கணக்கு எளிது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 165 செண்டிமீட்டர் உயரமும் 66 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 66-ஐ 1.65-ஆல் வகுத்தால் 40. அதை மறுபடியும் 1.65-ஆல் வகுத்தால் 24.2. இதுவே அவருடைய குறியீடு.

இது நல்ல எண்ணா? உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலின்படி 18.5 முதல் 24.9 வரை சரியான எடை. அதன்படி இவர் தப்பித்தார். ஆனால், மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 23-லேயே கூடுதல் எடை தொடங்குகிறது, 27.5-ஐத் தொட்டால் உடல் பருமன். அதே மனிதர் இங்கே எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

ஏன் இந்த வேறுபாடு?

இக்கணக்கின் மூலவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெல்ஜியக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்டலே. அவர் அளந்தவை ஐரோப்பியரின் உடல்கள். நம் உடல்வாகு வேறு. 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் தங்களையே உதாரணமாகக் காட்டினர். இருவருக்கும் குறியீடு 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலிலோ 21.2 விழுக்காடு!

கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய உடல் நம்மிடையே அதிகம். தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பு, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

கூடை இறங்கியது, சீனி இறங்கவில்லை

1929-இல் ஜே.ஏ. ரசல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். கூடை சுமந்து, மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த அன்றைய தலைமுறைக்கு, உண்ட சோறு உழைப்பிலேயே கரைந்தது. இன்று கொழுந்து வெட்ட இயந்திரம் வந்துவிட்டது. அவ்வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பிள்ளைகள் கடைக்கும் அலுவலகத்திற்கும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். சோற்றின் அளவும் குளிருக்கு இதமான கெட்டிப்பால் தேநீரும் மட்டும் மாறவில்லை. ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி உண்டு. நாளுக்கு நான்கு குவளை என்றால் 40 கிராம். சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

என்ன செய்யலாம்?

தையல் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர் வரம்பு. அதைத் தொட்டுவிட்டால், ஒல்லியாக இருந்தாலும் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் இரத்தச் சீனியைச் சோதித்துக்கொள்வது அவசியம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அளவுகள் பொருந்தா. குறியீடு 18.5-க்குக் கீழே போனாலும் கவனம் தேவை. அது ஊட்டக்குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. சென்னை டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் உணவைத் திருத்தி, தினமும் அரைமணி நேரம் வேகமாக நடந்தனர். எடை பெரிதாகக் குறையாமலேயே, நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

ஏறி நடக்க மேட்டுப் பாதைகளுக்குக் கேமரன் மலையில் பஞ்சமில்லை. பாட்டி கூடையோடு ஏறிய மேட்டில், பேரப்பிள்ளைகள் வெறுங்கையோடு ஏறினாலே போதும்.