பெட்டிக்காக விலைபோன விமானம்

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் ஒரு டயர் கடையின் மொட்டைமாடியில் இன்ஜின் இல்லாத விமானம் ஒன்று பல வருடங்களாக நின்றுகொண்டிருந்தது. கடைக்கு ஆள் பிடிக்க வைத்த விளம்பரம் அது. 1970களில் அதைத் தேடி வந்தவர்கள், இரண்டாம் உலகப் போரில் அதே ரக விமானத்தை ஓட்டிய முன்னாள் விமானிகள். அதை இறக்கிக் கொண்டுபோய்ச் சீர்செய்தார்கள். இன்று டெக்சஸ் மாநிலம் லப்பக்கில் உள்ள சைலன்ட் விங்ஸ் அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது.

‘வாக்கோ சிஜி-4ஏ’ என்பது அதன் பெயர். போர்க்கள கிளைடர். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த உடற்கூடு, அதன்மேல் இழுத்துக் கட்டிப் பசை பூசிய துணி, பிளைவுட் தரை, மரத்தாலான இறக்கை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இறக்கை மட்டும் 83 அடி 8 அங்குலம். இரண்டு விமானிகள் போக 13 சிப்பாய்கள் உட்காரலாம். அவர்களுக்குப் பதிலாக ஒரு ஜீப்பையும் ஏற்றலாம். சி-47 விமானம் நைலான் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும். எதிரியின் எல்லைக்குள் கயிற்றைக் கழற்றிவிட்டால், கிடைத்த வயலில் சத்தமில்லாமல் இறங்க வேண்டியதுதான். விமானிகளின் இருக்கையோடு சேர்த்து மூக்குப் பகுதி முழுவதும் மேல்நோக்கித் திறக்கும். உள்ளேயிருக்கும் ஜீப் முன்னால் நகரும்போது, அதில் மாட்டிய கம்பிவடமே மூக்கைத் தூக்கிவிடும் என்பது இதன் அழகான ஏற்பாடு.

மொத்தம் ஏறக்குறைய 13,900 கிளைடர்கள் தயாராயின. இவ்வளவு செய்தும் இன்று முழுசாக இருப்பவை மிகச் சில. அதற்குக் காரணம் குண்டுவீச்சு மட்டுமல்ல. ஒருமுறை இறங்கினால் போதும் என்ற கணக்கில்தான் இவற்றைப் பயன்படுத்தினார்கள். இறங்கிய வயலிலேயே பெரும்பாலானவை கைவிடப்பட்டன.

போர் முடிந்தபின் நடந்தது இன்னும் வேடிக்கை. பிரிக்கப்படாத புத்தம்புது கிளைடர்கள் அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின. ஒரு கிளைடரை ஐந்து பெரிய மரப் பெட்டிகளில் அடைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் பலருக்குத் தேவைப்பட்டது அந்தப் பெட்டிகளின் நல்ல பலகைகள். விமானத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, பலகையோடு வீட்டுக்குப் போனார்கள். வேறு சிலர் இறக்கையையும் வாலையும் அறுத்துவிட்டு, மிச்ச உடலைக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் வீடாக்கினார்கள். ஏரிக்கரைக் குடில், வேட்டைக்காரர் குடிசை என்றும் அது அவதாரம் எடுத்தது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டது போக மிஞ்சியவைதான் இன்றைக்குச் சீரமைப்பவர்களின் கையில் கிடைக்கின்றன.

அந்த மிச்சங்களுக்கு விலாசம் உண்டு. சிஜி-4ஏ கிளைடரை 16 நிறுவனங்கள் தயாரித்தன; அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தவர்கள் ஏராளம். பலருக்கும் விமானத்தோடு ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. பியானோவுக்குப் பேர்போன ஸ்டெய்ன்வே இறக்கையும் வால்பகுதியும் செய்தது. ஊறுகாயும் கெட்சப்பும் விற்ற ஹெய்ன்ஸ் இறக்கை செய்தது. பீர் கம்பெனியான ஆன்ஹைசர்-புஷ்ஷுக்கும் இதில் பங்குண்டு. மிச்சிகனில் கிப்சன் என்ற குளிர்பதனப் பெட்டிக் கம்பெனி முழு கிளைடரையே கட்டியது. காரணம் எளிது: உண்மையான விமானத் தொழிற்சாலைகள் போர் விமானங்களில் மூழ்கிக் கிடந்தன. மரவேலையும் உலோகவேலையும் தெரிந்த எவரையும் அரசு விட்டுவைக்கவில்லை.

செலவு ஆளுக்கு ஆள் மாறியது. கார்களுக்கு மரத்தாலான பாடி கட்டிக்கொண்டிருந்த ஃபோர்டின் கிங்ஸ்ஃபோர்டு ஆலை 4,000க்கு மேல் செய்தது. ஒன்றுக்கு ஆன செலவு சுமார் 15,000 டாலர். இண்டியானாவின் நேஷனல் ஏர்கிராஃப்ட் நிறுவனம் செய்து கொடுத்ததோ ஒன்றே ஒன்று. அதற்கு அரசு கொடுத்தது 17 லட்சம் டாலருக்கும் மேல்!

சேதத்திலிருந்து கிடைத்த ஒரு பாகம் என்னவெல்லாம் சொல்லும் என்பதற்கு செயின்ட் லூயிஸ் விபத்தை விடப் பெரிய சான்று இல்லை. 1943 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. ராபர்ட்சன் நிறுவனம் கட்டிய கிளைடரை ஊரார் பார்க்க லாம்பர்ட் விமான நிலையத்தில் பறக்கவிட்டார்கள். மேயர் வில்லியம் டீ பெக்கர் அதில் ஏறினார். நிறுவனத் தலைவர் வில்லியம் ராபர்ட்சனும் ஏறினார். ஒருகாலத்தில் சார்லஸ் லிண்ட்பெர்க்கைத் தபால் விமானியாக வேலைக்கு வைத்திருந்தவர் இவர். கயிற்றைக் கழற்றிய சற்று நேரத்தில் வலப்பக்க இறக்கை பிய்ந்து போனது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பேரும் இறந்தார்கள். சிதைவைக் கிளறியபோது, இறக்கையைத் தாங்கும் குறுக்குக் கம்பத்தின் இணைப்புத் துண்டு ஒன்று சிக்கியது. இருக்க வேண்டிய கனத்தைவிட மெல்லியதாக அதைக் கடைந்திருந்தார்கள். சோதித்தவர்களும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். அதைச் செய்த துணை ஒப்பந்த நிறுவனத்தின் பழைய தொழில், சவப்பெட்டி.

எண்களும் பேசும். அமெரிக்க ராணுவ விமானங்களின் தொடர் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அது ஆர்டர் செய்யப்பட்ட நிதியாண்டு. 43-41430 என்றால் 1943ஆம் நிதியாண்டுக் கணக்கு. பெயர்ப்பலகையை விட இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்பதற்கு இதே கிளைடரே உதாரணம். கிப்சன் ஆலை இருந்த கிரீன்வில் ஊரின் பள்ளிப் பிள்ளைகள் 1943இல் போர்ப் பத்திரங்கள் விற்று 72,000 டாலர் திரட்டினார்கள். நான்கு கிளைடருக்கான பணம் அது. அதில் ஒன்றுக்கு ‘ஃபைட்டிங் ஃபால்கன்’ என்று பெயர். நார்மண்டிப் படையெடுப்பில் அமெரிக்க கிளைடர்களுக்கு முதலாவதாகப் போகும் கௌரவம் அதற்கென்று ஒதுக்கப்பட்டது. கடைசி நேரத்தில் மூக்கில் கூடுதல் பாதுகாப்புக் கம்பிகள் பொருத்திய வேறொரு கிளைடரை முன்னால் வைத்தார்கள். பெயரை அதன்மேல் எழுதினார்கள். அதுதான் 43-41430. பிள்ளைகளின் அசல் கிளைடர் 45ஆம் இடத்துக்குப் போனது. 1944 ஜூன் 6 அதிகாலையில், பெயரை மட்டும் சுமந்த அந்த முதல் கிளைடர் வேலி மரத்தில் மோதியதில், அதில் இருந்த பிரிகேடியர் ஜெனரல் டான் பிராட் இறந்தார்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. 1944 மார்ச் 5 இரவு அஸ்ஸாமின் லாலாகாட் ஓடுதளத்திலிருந்து கிளம்பிய கிளைடர்களும் இதே ரகம்தான். பர்மா காட்டுக்குள் ‘பிராட்வே’ என்று பெயர் வைத்த வெட்டவெளியில் பிரிட்டிஷ் தரப்பின் சிண்டிட் படையினரை இறக்கப் போனவை அவை.

இரும்புக் கூடு துருவோடு தாக்குப்பிடிக்கும். மரமும் துணியும் மக்கிப்போகும். அதனால் அருங்காட்சியகத்தில் பளபளப்பாக நிற்கும் கிளைடரில் இறக்கையும் துணியும் பெரும்பாலும் புதிதாகச் செய்தவையாகவே இருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. எது பழையது, எது புதியது என்று பக்கத்தில் ஒரு பலகையில் எழுதிவைக்காததுதான் தப்பு. லப்பக்குக்கோ, நார்மண்டியின் சான்ட்-மேர்-எக்லீஸ் ஊரிலுள்ள வான்வழிப் படை அருங்காட்சியகத்துக்கோ போகிறவர்கள் ஏதேனும் ஒரு இரும்புக் குழாயையோ தகட்டையோ காட்டி, இது எங்கே செய்தது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள்.