கோடும் குறியும் – 12: சம்புடத்துக்குள் சம்புடம்

மயிலாப்பூரில் நான் வேலை கற்ற வரைவு அலுவலகத்தில் ஒரு சாயங்காலம். பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டு நாலு மாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். மாடிக்கு நாலு பிளாட், பிளாட்டுக்கு ஆறு ஜன்னல். ஆக 96 ஜன்னல்கள். அச்செடுத்துப் பார்த்தால், சுவரைவிட ஜன்னல் கோடுகள் தடிமனாக விழுந்திருந்தன. கதவு, வாஷ்பேசின், கட்டில் எல்லாவற்றிலும் இதே கோளாறு.

எங்கள் அலுவலகத்தில் கோட்டின் நிறம்தான் அச்சில் அதன் தடிமன். ஆட்டோகேடில் லேயரின் நிறத்தை மாற்றினேன், ஒன்றும் அசையவில்லை. பல கோப்புகளிலிருந்து அள்ளிவந்த பிளாக்குகள் அவை, அதாவது ஒரே பெயரில் கட்டிவைத்த கோட்டுத் தொகுதிகள். உள்ளே ஒவ்வொரு கோட்டுக்கும் தனி நிறம் பூசி வைத்திருந்தார்கள்.

அவற்றை எக்ஸ்ப்ளோட் செய்து உடைக்கப் போனேன். மூத்த வரைவாளர் தடுத்தார். "வேண்டாம் தம்பி. உடைச்சா ஒரு அடுக்குதான் உடையும். அப்புறம் ஜன்னல் ஜன்னலா இருக்காது, வெறும் கோடாயிடும். நாளைக்கு அகலம் மாறினா 96 இடத்துல நீதான் மாத்தணும்."

அடுக்குச் சம்புடம் நினைவுக்கு வந்தது. ஜன்னல் பிளாட்டுக்குள், பிளாட் மாடிக்குள். கடைசிச் சம்புடத்தை எடுக்க எல்லா மூடியையும் திறந்தாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆட்டோகேட் அப்படி வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பிளாக்கின் இலக்கணத்தையும் ஒரே பட்டியலில், ஒரே ஒரு முறை எழுதி வைக்கிறது. மாடிக்குள் இருப்பது பிளாட் அல்ல, 'இந்த இடத்தில் பிளாட்டைப் போடு' என்ற குறிப்பு. திரையில் 96 ஜன்னல், பட்டியலில் ஒன்றுதான்.

அந்தப் பட்டியலில் நடக்கத் தெரிந்தது ஆட்டோலிஸ்ப். 1958இல் ஜான் மெக்கார்த்தி வடிவமைத்த லிஸ்ப் மொழியின் வாரிசு. 1986இல் ஆட்டோகேடுக்குள் வந்தது. மூத்த வரைவாளர் அதில் எழுதிய நிரல் இருபது வரிகூட இல்லை. 'டிபிஎல்நெக்ஸ்ட்' பிளாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். 'என்ட்நெக்ஸ்ட்' அதற்குள் கோடு கோடாக நகரும். ஒவ்வொரு கோட்டின் விவரமும் எண்ணிட்ட ஜோடிகளாக வரும்: 8 என்றால் லேயர், 62 என்றால் நிறம். லேயரை '0' ஆக்கி, நிறத்துக்கு 256, அதாவது 'லேயர் சொன்னபடி' என்று கொடுத்து, 'என்ட்மாட்' மூலம் திருப்பி எழுதினார். பிளாக்குக்குள் '0' லேயரில் இருக்கும் கோடு, அந்த பிளாக் எந்த லேயரில் வைக்கப்படுகிறதோ அதன் குணத்தை ஏற்கும். அடுக்கு எத்தனை ஆனாலும் இதுதான் கணக்கு. வெளிக்கோப்பிலிருந்து இணைத்த எக்ஸ்ரெஃப்களை மட்டும் 70ஆம் எண்ணைப் பார்த்து விலக்கினார். அவை அடுத்தவர் வீட்டுப் பாத்திரம்.

ஓட்டுவதற்கு முன் கோப்புக்கு ஒரு நகல் எடுக்கச் சொன்னார். நிரல் முடிந்ததும் திரையில் மாற்றமே இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. 'ரீஜென்' என்று தட்டினார். நாலு மாடியும் ஒரே கணத்தில் நிறம் மாறின.

நிரலின் வேகத்தைவிட அன்று எனக்குப் பெரிதாகப் பட்டது, அதை எழுதுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விதான்: "இது எங்கே எழுதியிருக்கு?" வரைபடத்தில் கை வைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டியது அது. தெரியும் இடம் வேறு, எழுதியிருக்கும் இடம் வேறு. தெரியும் இடத்தில் திருத்தினால் 96 வேலை. எழுதியிருக்கும் இடத்தில் திருத்தினால் ஒன்று.

ஆனால் மாடிகளின் கீழே இருந்த பெயர்கள், 'முதல் மாடி', 'இரண்டாம் மாடி', பழைய நிறத்திலேயே நின்றன. அவை அட்ரிபியூட்டுகள், பிளாக்கோடு ஒட்டிவரும் எழுத்துகள். அவற்றின் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அது எங்கே என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)