2037 வரை நீளும் சம்பளம்

ஜூலை 1 நெருங்கினாலே பேஸ்பால் சம்பளம் பற்றிய வாசகர் கடிதங்கள் கூடிவிடுகின்றன. நியூயார்க் மெட்ஸ் அணி, எப்போதோ ஆட்டத்தை விட்டுவிட்ட பாபி போனியாவுக்கு 2035 வரை ஆண்டுதோறும் சுமார் 11.9 லட்சம் டாலர் கொடுக்கும் நாள் அது. பால்டிமோர் ஓரியோல்ஸின் முன்னாள் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் கிறிஸ் டேவிஸுக்கும் இதே ஏற்பாடுதான் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. டேவிஸ் விஷயம் வேறு.

2013இல் 53 ஹோம் ரன், 2015இல் 47. இரண்டு ஆண்டும் மேஜர் லீக்கில் அவரே முதலிடம். 2016 ஜனவரியில் ஓரியோல்ஸ் அவரை 7 ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. பிறகு மட்டை ஓய்ந்தது. 2018இல் சராசரி .168, முழு சீசன் ஆடியவர்களில் இதைவிடக் குறைவாக அடித்தவர் யாருமில்லை. அந்த செப்டம்பரில் தொடங்கி 2019 ஏப்ரல் வரை, தொடர்ந்து 54 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட விழவில்லை. 2021 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார்.

அந்த 16.1 கோடியை அப்படியே நம்ப முடியாது. அதில் 4.2 கோடி ஒத்திவைக்கப்பட்ட பணம்: 2023 முதல் 2032 வரை ஆண்டுக்கு 35 லட்சம், 2033 முதல் 2037 வரை ஆண்டுக்கு 14 லட்சம். வட்டி கிடையாது. போனியாவுக்கு மெட்ஸ் தர வேண்டியிருந்தது 59 லட்சம்தான். 8 சதவீத வட்டி சேர்ந்ததால் அது பெருகியது. காத்திருந்ததால் போனியா சம்பாதித்தார், டேவிஸ் இழந்தார். வட்டியில்லாத் தவணையில் மிக்சி வாங்குவதுபோல் அணி ஓர் ஆட்டக்காரரை வாங்கியது. கடன் கொடுத்தவரும் அந்த ஆட்டக்காரரே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 5 சதவீத வட்டி என்று வைத்தால், 2037இல் தர வேண்டிய 14 லட்சத்துக்கு 2016இல் சுமார் 5 லட்சம் ஒதுக்கினால் போதும். ஆனால் தலைப்புச் செய்தியில் அது முழு 14 லட்சமாகவே எண்ணப்பட்டது. ரசிகருக்குப் பெரிய தொகையைக் காட்டலாம், கையிலிருந்து குறைவாகக் கொடுக்கலாம். எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஒப்பந்தம் போட்ட ஏஞ்சலோஸ் குடும்பம் 2024இல் அணியை விற்றுவிட்டது. மீதித் தவணைகள் புதிய உரிமையாளர்களின் தலையில்.

கடிதங்களில் வரும் மற்ற கேள்விகளுக்கு வருவோம். ஓய்வு பெற்றவருக்கு ஏன் சம்பளம்? அது ஓய்வூதியம் அல்ல, ஏற்கெனவே உறுதியளித்த கூலி.

ஓய்வு பெற்றதால் குறைத்தார்களா? இல்லை. 2022க்கான 1.7 கோடியையும் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தார்கள்.

அணி ஏமாற்றிவிட முடியுமா? கடினம். ஒத்திவைத்த தொகையின் அன்றைய மதிப்பை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்கிறது லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான தொழிலாளர் ஒப்பந்தம்.

ஒத்திவைப்புக்கு உச்சவரம்பு? இல்லை. அந்தத் தொழிலாளர் ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 வரை. அடுத்ததில் உச்சவரம்பு வேண்டும். குறைந்தபட்சம், ஒத்திவைத்த பணத்தின் உண்மை மதிப்பையும் ஒப்பந்த அறிவிப்பிலேயே சொல்லும் விதியாவது வேண்டும்.